ஐந்து பூச்சு

சபை கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயர் இங்கே இல்லை.
சுவிட்சர்லாந்து, சாஃபியன் பள்ளத்தாக்கு,
மஞ்சள் தபால் பேருந்தின் கடைசிக்கு முந்தைய நிறுத்தம்.
நூற்றுப்பத்துப் பேர். அதைவிட அதிகம் மாடுகள்.
உள்ளே நான்கு சுவரும் வெளுத்த ஒரு தேவாலயம்.

லேசர், ஆன்டெனா, தண்டவாளம் போல நகரும் சட்டம்,
நைட்ரஜன் உருளை ஒன்று.
இறக்கிவைக்க உதவிய கோயில்காரர்
ஹிட்ச் கார்ட்மான் கேட்டார்:
"சினை மாட்டுக்கு ஸ்கேன் எடுப்பார்கள். சுவருக்குமா?"
செரைனா சிரித்தாள்.
நான் விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

ரேடியோவும் இல்லை, வெளிச்சமும் இல்லை,
டெராஹெர்ட்ஸ் ஓர் இரண்டுங்கெட்டான் அலை.
ரேடியோக்காரர்களுக்கு அவ்வளவு உயரம் ஏற வரவில்லை,
ஒளிக்காரர்களுக்கு அவ்வளவு கீழே இறங்க வரவில்லை,
நடுவில் நெடுங்காலம் புறம்போக்காய்க் கிடந்தது.
நொடிக்கு லட்சம் கோடித் துடிப்பு.
எக்ஸ்ரே போல எதையும் காயப்படுத்தாது.
காகிதம், துணி, காய்ந்த சுண்ணாம்பு,
எல்லாவற்றிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும்.
மாத்திரையின் மேல்தோலை அளக்கிறார்கள் இதை வைத்து,
கார் பெயின்ட்டை அளக்கிறார்கள்,
நட்சத்திரம் கருக்கொள்ளும் குளிர்மேகத்தைக் கேட்கிறார்கள்.

தண்ணீர் மட்டும் ஆகாது.
பெட்டிக்குள் ஒருவர் மூச்சுவிட்டால் போதும்,
வரைபடம் பல்லுடைந்த சீப்பாகிவிடும்.
அதற்குத்தான் நைட்ரஜன் என்றேன்.
"சரி, நான் வெளியே நின்று மூச்சுவிடுகிறேன்" என்றார் ஹிட்ச்.

முதல் நாள் மழை.
சுவர் குடித்திருந்தது. அனுப்பியதையெல்லாம் விழுங்கியது.
இரண்டாம் நாளும் விழுங்கியது.
மூன்றாம் நாள் தெற்கிலிருந்து வெப்பக் காற்று இறங்கி
துணி உலர்த்துவது போல் ஊரையே உலர்த்தியது.

எதிரொலி வரத் தொடங்கியது.
பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவில் ஒரு பிக்கோ நொடி,
அதாவது ஒரு தலைமுடியின் கனம்.
சாயங்காலத்துக்குள் திரையில் கணுக்கால் வந்தது,
கணுக்காலைச் சுற்றி மீன்கள்,
பிறகு தடி, பிறகு முட்டி:
ஆற்றைக் கடக்கும் கிறிஸ்தோபர்.
வரைந்த ஆறு காய்ந்த ஆறு,
அலை தயங்காமல் இறங்கிவிட்டது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது நம் பழமொழி.
சுவர் இருந்ததால்தான் வெள்ளையும் அடிக்க முடிந்தது.
படம் கூடாதென்று ஒரு காலம் சொன்னபோது
யாரோ ஒருவன் வாளியோடு வந்திருக்கிறான்.
மேலங்கிமேல் ஒரு பூச்சு. தாடிமேல் ஒரு பூச்சு.
கூலிக்குச் செய்த வேலை, சீரான கை.

தோளில் இருந்த குழந்தையின் முகத்தில் மட்டும்
ஐந்து.

கருவிப் பிழை என்று நினைத்து மூன்று முறை ஓட்டினேன்.
ஐந்து பிக்கோ நொடி. ஐந்துதான்.

செரைனா சொன்னாள்: செங்காவி ஊறி மேலே வரும்,
மறைய மறைய அடித்திருப்பான்.
சரியாகத்தான் இருக்கும். அவள் படித்தவள்.
எனக்கு அந்த ஆளின் பயம் தெரிந்தது;
வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பார்வை
ஒவ்வொரு ஞாயிறும் அவனைத் தேடி வந்ததாக.
ஹிட்ச் திரையை வெகுநேரம் பார்த்தார்.
"ஆற்று நடுவில் குழந்தை. குளிர்ந்திருக்கும்" என்றார்.

சபை கூடியது. சுரண்டலாமா என்று வாக்கெடுத்தார்கள்.
வேண்டாம் என்றவர்கள் ஆறு பேர் அதிகம்.
இருப்பது தெரிந்தால் போதாதா என்றாள் ஒரு பால்காரி.
எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், சொல்லவில்லை.

கடைசி நாள், காப்பிக் கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்த ஹிட்ச்,
தொடாதீர்கள் என்ற பலகையைத் தாண்டி
ஏணியில் ஏறி
முகம் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.
நான் சட்டத்தை இன்னொரு முறை ஓடவிட்டேன், ஏனென்று தெரியாமல்.

திரையில் குழந்தை இருந்த இடத்தில்
கறுப்பாக ஒரு கை. ஐந்து விரல்.
பதினோரு நிமிடத்தில் சுண்டுவிரல் முதலில் உலர்ந்தது,
கட்டைவிரல் கடைசியில்.

அந்தப் படம் அறிக்கையில் இல்லை.